கைத்தொலைபேசிப் பெட்டியில் மென்பொருளின் ஆயுளையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் கடந்த வார இறுதி இதழில் கைத்தொலைபேசி விற்பனை நிலையம் ஒன்றின் முழுப்பக்க விளம்பரம் வெளிவந்திருந்தது. ஒன்பது தொலைபேசிகள், ஒன்பது விலைகள். ஒவ்வொன்றின் கீழும் கமரா எத்தனை மெகாபிக்சல், பற்றரி எத்தனை மில்லி அம்பியர்-மணி, ராம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம் என்பன பெரிய எழுத்தில் இருந்தன. அந்தத் தொலைபேசியை இயக்கும் மென்பொருள் எது, அதை உற்பத்தியாளர் எத்தனை வருடங்களுக்குப் புதுப்பித்துத் தருவார் என்பது பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. விளம்பரம் கொடுத்தவரை மட்டும் இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை. அநேகமாகப் பெட்டியிலேயே அந்த விபரம் இருப்பதில்லை. வாங்க வருபவரும் கேட்பதில்லை.

நான் திருகோணமலை நகரில் 13 வருடங்களாகக் கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடை நடத்தி வருகிறேன். உடைந்த திரையும் ஊதிய பற்றரியும் உப்புத் தண்ணீரில் விழுந்த தொலைபேசிகளும் முன்போலவே வந்து கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் கருவியில் எந்தப் பழுதும் இல்லாமல், அதனுள் இருக்கும் மென்பொருள் நடந்துகொள்ளும் விதத்தினாலேயே “பழுதாகி” என் மேசைக்கு வரும் தொலைபேசிகளின் தொகை வருடா வருடம் கூடிக்கொண்டு போகிறது. அப்படி வந்த ஒன்றைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, சேலைத் துண்டில் சுற்றிய தொலைபேசியுடன் கடைக்கு வந்தார். “தம்பி, இதில பெல் அடிக்குதில்லை. மகள் கனடாவில இருந்து எடுக்கிறாளாம், எனக்கு ஒண்டும் கேக்குதில்லை. ஸ்பீக்கர் போயிற்றுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றார். என் தொலைபேசியிலிருந்து சாதாரண அழைப்பு எடுத்தேன். கடைக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மணி ஒலித்தது. வட்ஸ்அப்பில் எடுத்தேன், அதுவும் ஒலித்தது. ஸ்பீக்கரில் பழுதில்லை என்று உறுதியானதும் அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு, தொலைபேசியின் திரையை அணைத்து மேசையில் வைத்து, வேறொருவரின் சார்ஜிங் பின்னை மாற்றத் தொடங்கினேன். இருபது நிமிடம் கழித்து மறுபடி வட்ஸ்அப்பில் எடுத்தேன். என் பக்கம் அழைப்பு போய்க்கொண்டிருந்தது; மேசையில் இருந்த தொலைபேசி கல்லுப்போலக் கிடந்தது. திரையைத் தட்டி எழுப்பியதும் தவறிய அழைப்புகளும் அன்று காலையிலிருந்து வந்த செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

பற்றரியைச் சேமிக்கவென்று அந்தத் தொலைபேசியின் மென்பொருள், திரை அணைந்து சிறிது நேரத்தில் வட்ஸ்அப்பை முழுமையாக நிறுத்திவிடும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றுவதற்கு இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று பற்றரிப் பகுதிக்குள், மற்றையது செயலிகளுக்கான அனுமதிப் பகுதிக்குள், மூன்று பக்கம் உள்ளே. இரண்டையும் மாற்றினேன். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. “அவள் கோவத்தில எடுக்காம விட்டிட்டாள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்” என்று அவர் சொன்னபோதுதான், அந்த நிலை இரண்டு மாதமாக நீடித்ததை அறிந்தேன். தொலைபேசியைச் செய்த நிறுவனத்தின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. அந்த ஒரு நிறுவனம் மட்டும் செய்யும் காரியமும் அல்ல இது.

இதன் காரணத்தைச் சற்று விளக்கினால்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் அனுபவம் ஏன் மாறுகிறது என்பது புரியும். ஐபோன் தவிர்ந்த ஏறத்தாழ எல்லாத் தொலைபேசிகளிலும் அடியில் இருப்பது கூகுளின் அன்ட்ரொய்ட் இயங்குதளம், அதாவது தொலைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 6 தொடக்கம், அசையாமல் கிடக்கும் தொலைபேசியில் செயலிகளை உறங்க வைக்கும் முறை அதனுள்ளேயே இருக்கிறது. அவசரச் செய்தி வந்தால் கூகுளின் பொது இணைப்பு ஒன்று உரிய செயலியைத் தட்டி எழுப்பும். இந்த ஏற்பாடு போதாது என்று எண்ணும் உற்பத்தியாளர்கள் அதன் மேல் தங்கள் சொந்தக் காவலாளியை நிறுத்துகிறார்கள். அந்தக் காவலாளி உறங்கும் செயலியை வலிந்து நிறுத்திவிட்டால் கூகுளின் தட்டலும் அதற்குக் கேட்காது. ஷாவோமியில் இது ‘தானாகத் தொடங்கும்’ அனுமதி என்ற பெயரில் இருக்கிறது. ஒப்போவிலும் விவோவிலும் ஏறத்தாழ அதே ஏற்பாடு வேறு பெயர்களில், வேறு மூலைகளில் இருக்கிறது. சாம்சங் ‘உறங்கும் செயலிகள்’, ‘ஆழ்ந்து உறங்கும் செயலிகள்’ என்று இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறது. நீண்ட நாள் திறக்கப்படாத செயலி தானாகவே பட்டியலுக்குள் போய்ச் சேரும். மோட்டோரோலாவிலும் கூகுளின் பிக்சலிலும் மேலதிகக் காவல் குறைவு. ஐபோனில் செயலிகளுக்கு ஆரம்பத்திலிருந்தே பின்னணியில் ஓடச் சுதந்திரம் கிடையாது. செய்திகள் அப்பிளின் சேவையகம் வழியாக வந்து திரையில் தோன்றும். ஆக, ஒரே வட்ஸ்அப், ஒரே சிம், ஒரே சிக்னல். ஆனால் பெட்டியில் இருக்கும் பெயருக்கேற்ப ஒருவருக்கு அழைப்பு வரும், இன்னொருவருக்கு வராது.

தவறிய அழைப்பு என்று இதைச் சின்ன விடயமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அன்று எங்கள் வீட்டு மேசையில் என் தொலைபேசியும் மச்சானின் தொலைபேசியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் ஒரே வலையமைப்பு. கரையோரத்து உறவினர்கள் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் யார் எந்தப் பாடசாலைக்கு இடம்பெயர்ந்தார்கள், எந்தப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது என்ற செய்திகள் இரவு முழுவதும் என் தொலைபேசியில் வந்துகொண்டிருந்தன. மச்சானின் தொலைபேசி ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. விடிந்து அவர் திரையைத் திறந்ததும் அத்தனையும் ஒன்றாக வந்தன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். கையில் இருக்கும் தொலைபேசி, வரும் செய்தியை உள்ளே விடுமா என்பதைப் பார்ப்பதில்லை.

அடுத்தது, நான் இக்கடிதத்தை எழுதுவதற்கான முதன்மைக் காரணம்: மென்பொருளின் ஆயுள்.

தொலைபேசியை வாங்கும் அன்று அதனுள் இருக்கும் மென்பொருள் முடிந்த முடிவான பொருள் அல்ல. அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். உற்பத்தியாளர் அவற்றை அடைத்து அனுப்ப வேண்டும். 2015ஆம் ஆண்டு நடுப்பகுதியில், விசேடமாகத் தயாரித்த ஒரு வீடியோவை எம்எம்எஸ் செய்தியாக அனுப்பியே அன்ட்ரொய்ட் தொலைபேசிக்குள் நுழையலாம் என்ற பெரிய ஓட்டை அம்பலமானது. அதன் பின்னரே கூகுள் மாதாந்தம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. கூகுள் வெளியிட்டால் மட்டும் போதாது. தொலைபேசியின் சிப்பைச் செய்யும் குவால்கொம் அல்லது மீடியாடெக் போன்ற நிறுவனம் அதைத் தன் சிப்புக்குப் பொருத்த வேண்டும். பிறகு தொலைபேசி நிறுவனம், அன்ட்ரொய்டின் மேல் தான் சேர்த்த சொந்தத் தோற்றத்துக்கும் வசதிகளுக்கும் ஏற்ப மாற்றிப் பரிசோதிக்க வேண்டும். இந்த மூன்று கைகள் மாறி வருவதற்குள் சில தொலைபேசிகளுக்கு மாதங்கள் ஓடிவிடும், சிலவற்றுக்கு வந்தே சேராது. இந்தச் சிக்கலைக் குறைக்கவே 2017இல் அன்ட்ரொய்ட் 8உடன், சிப்புக்குரிய பகுதியை மேல்பகுதியிலிருந்து கூகுள் பிரித்து வைத்தது. நிலைமை முன்னேறியது உண்மை. ஆனால் எத்தனை வருடம் என்பதைத் தீர்மானிப்பது இன்றும் தொலைபேசி நிறுவனத்தின் விருப்பம்தான்.

அந்த விருப்பம் எவ்வளவு வேறுபடுகிறது என்று பாருங்கள். அப்பிள், சிப்பையும் கருவியையும் மென்பொருளையும் தானே வடிவமைப்பதால், 2015இல் வெளிவந்த ஐபோன் 6எஸ் தொலைபேசிக்கு 2021இல் தன் இயங்குதளமான ஐஓஎஸ் 15ஐக் கொடுத்தது. 2018இன் ஐபோன் எக்ஸ்ஆர் 2024இல் ஐஓஎஸ் 18ஐப் பெற்றது. அன்ட்ரொய்ட் பக்கத்தில் 2023 ஒக்டோபரில் பிக்சல் 8 தொலைபேசிக்கு ஏழு வருடம் என்று கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் கலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழு வருடம் என்றது. பிக்சல் நம் ஊரில் அரிது, எஸ்24 வாங்கும் வசதி என் வாடிக்கையாளர்களில் மிகச் சிலருக்கே உண்டு. ஆனால் அதே சாம்சங் 2024இல் வெளியிட்ட, விலை குறைந்த ஏ16 தொலைபேசிக்கும் ஆறு வருடம் என்று அறிவித்தது. இதை நான் மிக முக்கியமான மாற்றமாகக் கருதுகிறேன், ஏனெனில் நீண்ட ஆயுள் பணக்காரத் தொலைபேசிக்கு மட்டும் உரியது என்ற சாட்டு அத்துடன் செல்லாக் காசாகிவிட்டது. மறுபுறத்தில், அதே விலை வரிசையில் அதே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் வேறு தொலைபேசிகளுக்கு ஒன்றிரண்டு பெரிய புதுப்பிப்புகளுடன் கணக்கு முடிகிறது. விலைச் சீட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

புதுப்பிப்பு நின்ற தொலைபேசி உடனே செத்துப்போவதில்லை, அதனால்தான் இது யாருக்கும் உறைப்பதில்லை. முதல் ஒரு வருடம் எதுவும் தெரியாது. பிறகு வங்கிச் செயலி ஒரு நாள் திறக்க மறுக்கும். உங்கள் இயங்குதளம் பழையது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். 2025 தொடக்கத்தில் வட்ஸ்அப் அன்ட்ரொய்ட் 4.4ஐக் கைவிட்டபோது, உப்பங்காற்றில் நிறம் மங்கிய, ஆனால் பற்றரி மாற்றி நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய தொலைபேசிகளுடன் சிலர் வந்தார்கள். அவற்றை வைத்து நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கருவியை அப்படி இழப்பதில் பெரிய அநீதி இல்லை என்பேன். மூன்றாம் வருடத்திலேயே அந்த வரிசையில் நிற்க வேண்டி வருவதுதான் அநீதி.

இலங்கையில் இதன் பாரம் இன்னும் கூடுதல். 2022இல் இரண்டே மாதங்களில் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோது தொலைபேசிகளின் விலையும் கூடவே ஏறியது. பிறகு 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதமானது. முன்பு இரண்டு வருடத்துக்கொரு தொலைபேசி மாற்றியவர்கள் இன்று நான்கு, ஐந்து வருடம் வைத்திருக்கிறார்கள். அதே 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, தொலைபேசி இல்லாமல் ஒரு லீற்றர் பெற்றோல் அடிப்பதும் சிரமம் என்ற நிலையைக் கண்டோம். (திரை உடைந்திருந்த ஒருவருக்கு அவருடைய கியூஆரைக் கடதாசியில் அச்சடித்து மட்டை போட்டுக் கொடுத்தேன், அது எந்தப் புதுப்பிப்பும் கேட்காமல் முறை முடியும்வரை வேலை செய்தது.) மக்கள் ஐந்து வருடம் பாவிக்கப்போகும் பொருளை, இரண்டு வருட ஆயுளுள்ள மென்பொருளுடன், அந்த விபரத்தைச் சொல்லாமல் விற்பது வழக்கமாகிவிட்டது.

புதுப்பிப்பு என்றாலே நன்மை என்று நான் வாதிட வரவில்லை. “அண்ணை, அப்டேட் போட்டால் திரையில பச்சைக் கோடு விழுமாம், போடட்டோ விடட்டோ?” என்று கேட்கும் இளைஞர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். அந்தப் பயத்தை முழுவதுமாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2017 டிசம்பரில், பற்றரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பிப்பின் மூலம் குறைத்ததை அப்பிளே ஒப்புக்கொண்டது. தொலைபேசி திடீரென அணைந்துபோகாமல் தடுக்கவே அப்படிச் செய்ததாக அது விளக்கம் கூறியது. பாவனையாளருக்கு அதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு. 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், பழைய தொலைபேசிகளைப் பாதித்த புதுப்பிப்புகளுக்காக அப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. எனவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தத்தைத் தயங்காமல் போடுங்கள், பெரிய பதிப்பு மாற்றத்தை, படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, மூன்று நான்கு வாரம் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில தொலைபேசிகளில், காசு கொடுத்து வாங்கிய கருவியின் கோப்புறைக்குள்ளும் இசைச் செயலிக்குள்ளும் விளம்பரம் வருகிறது. இதற்குப் பின்னால் இருப்பது வணிகக் கணக்கு. 2018இல் ஷாவோமியின் தலைவர் லெய் ஜுன், கருவி விற்பனையில் தம் நிறுவனத்தின் தேறிய இலாபம் ஐந்து வீதத்தைத் தாண்டாது என்று உறுதி கூறினார். கருவியில் விட்டதை இணைய சேவைகளிலும் விளம்பரங்களிலும் ஈட்டுவது அந்த நிறுவனம் ஒளிக்காத வழி. அதனால்தான் அதே வசதிகளை அந்த விலைக்கு அதனால் தர முடிகிறது. விளம்பரங்களை அணைக்கும் பொத்தான்களும் உண்டு, ‘பரிந்துரைகள்’ என்ற சாதுவான பெயரில். சாம்சங்கும் ஒரு காலத்தில் தன் காலநிலைச் செயலி போன்றவற்றில் விளம்பரம் காட்டிவிட்டு, 2021இல் அவற்றை நீக்குவதாக அறிவித்தது. மலிவு விலைக்கு ஈடாக விளம்பரம் பார்க்கச் சம்மதிப்பது அவரவர் விருப்பம். சம்மதம் கேட்கப்படவில்லை என்பதே என் குறை.

தமிழ் வாசகர்களுக்கு எழுதும் கடிதத்தில் தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் கடை தொடங்கிய காலத்தில் மலிவான தொலைபேசிகளில் தமிழ்ச் செய்தி வந்தால் வெறும் கட்டங்கள் தெரியும். அல்லது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் உள்ளமைந்து வந்தன. அன்ட்ரொய்டில் அதற்கெனச் செல்லினம் போன்ற செயலியைத் தேடிப் போட்டோம். இன்று எழுத்து எங்கும் சரியாகத் தெரிகிறது. 2017இல் கூகுளின் குரல் தட்டச்சுக்குத் தமிழ் வந்த பிறகு, எழுத்துக்கூட்டத் தயங்கும் மூத்தவர்களும் செய்தி அனுப்புகிறார்கள். அன்ட்ரொய்டின் மொழிப் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாகத் தமிழ் இருப்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள்.

ஆனால் தமிழ் இருப்பது வேறு, தமிழில் பாவிக்க முடிவது வேறு. கூகுள் எழுதிய அடிப்படைப் பக்கங்கள் தமிழுக்கு மாறும். நிறுவனம் தானாகச் சேர்த்த பக்கங்கள் சில தொலைபேசிகளில் ஆங்கிலத்திலேயே நிற்கும். சிலவற்றில் இடம் போதாமல் சொல் பாதியில் வெட்டப்பட்டு, ‘அறிவிப்புக...’ என்று மூன்று புள்ளியுடன் தொங்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம்; வயதானவர்களுக்கு எழுத்தும் பெரிதாக வேண்டும், தமிழும் வேண்டும். அந்த உப்புவெளி அம்மாவின் தொலைபேசியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தபோது, பிரச்சினையின் வேராக இருந்த அந்தப் பற்றரிப் பக்கம் மட்டும் ஆங்கிலத்திலேயே இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தன் தொலைபேசியின் குறையைத் தானே கண்டுபிடிக்கும் வழியை அது அடைத்துவிட்டது. 2022இன் அன்ட்ரொய்ட் 13 தொடக்கம், மொத்தத் தொலைபேசியையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தமிழில் வைக்கலாம். அரைகுறை மொழிபெயர்ப்பில் தடுமாறுபவர்களுக்கு நான் இதைச் செய்து கொடுக்கிறேன். இவ்விடயத்தில் எந்த நிறுவனம் மேல் என்று கேட்டால், தமிழ்நாட்டில் பெரிய சந்தை வைத்திருக்கும் நிறுவனங்கள் பொதுவாகப் பரவாயில்லை என்பேன். அவர்கள் அந்தச் சந்தைக்காகச் செய்ததில் நமக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

வாங்குபவர்கள் ஏமாறும் வேறு இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் ‘16 ஜிபி ராம்’ என்று இருந்தால் சின்ன எழுத்தில் 8+8 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்; இரண்டாவது எட்டு, சேமிப்பகத்தில் ஒரு மூலையை மென்பொருள் ராம் போலப் பாவிக்கும் வித்தை, வேகத்தில் உண்மையான ராமுக்குக் கிட்டவும் வராது. மற்றது, சீனச் சந்தைக்கென்று செய்த தொலைபேசியில் ‘குளோபல் ரொம்’ என்ற பெயரில் யாரோ மென்பொருளை மாற்றி ஏற்றி, மலிவாக விற்பது. அது முதல் நாள் அழகாக ஓடும். உற்பத்தியாளரின் புதுப்பிப்பு அதற்கு ஒழுங்காக வராது. வந்ததை ஏற்றினால் தொலைபேசியே திறக்காமல் போவதும் உண்டு.

இனி என் கோரிக்கை. மேற்சொன்ன எல்லாவற்றையும் ஒரு சாதாரண பாவனையாளர் கற்றுத் தேர்ந்துதான் தொலைபேசி வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. பால்மாப் பக்கற்றைத் திருப்பிப் பார்த்தால் காலாவதித் திகதி தெரிகிறது. ஓர் இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் தொலைபேசியின் மென்பொருளுக்கு அது இல்லை. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, இணையத்துடன் இணையும் பொருட்களின் உற்பத்தியாளர்கள், பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக் குறைந்தது எந்தக் காலம்வரை தருவார்கள் என்பதை வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே சென்று, 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் தொலைபேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் குறைந்தது ஐந்து வருடங்கள் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஐரோப்பாவைப் போல உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் பலம் நம்முடைய சிறிய சந்தைக்கு இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிரித்தானியா கேட்பது தகவலை மட்டுமே. அதை நாமும் கேட்கலாம்.

அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களின் லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கும் வர்த்தகர்களுக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்குக் கொடுக்கிறது. இந்தத் தொலைபேசிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த மாதம், எந்த வருடம்வரை கிடைக்கும் என்ற ஒரேயொரு வரியை, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பெட்டியில் ஒட்டும்படி இறக்குமதியாளர்களுக்கு அச்சபை பணிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சில்லறைக் கடைக்காரர்கள் தங்களுக்கு இந்த விபரம் தெரியாது என்பார்கள். அது உண்மையும்கூட, நானே பல மாதிரிகளுக்குத் தேடிக் களைத்திருக்கிறேன். ஆனால் உத்தரவாதச் சீட்டை அச்சடிக்கும் இறக்குமதியாளருக்கு உற்பத்தியாளரிடம் ஒரு கேள்வி கேட்பது கடினமல்ல. “அறிவிக்கப்படவில்லை” என்று எழுத நேர்ந்தால் அப்படியே எழுதட்டும். அதுவும் வாங்குபவருக்கு ஒரு தகவல்தான்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். தொலைபேசி விளம்பரங்களை ஏற்கும்போது ராம், கமரா என்ற வரிசையில் இந்த ஒரு வரியையும் சேர்க்குமாறு விளம்பரதாரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே தொலைபேசி வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் ‘தொலைபேசி பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்து, அன்ட்ரொய்ட் பதிப்பு (சாம்சங்கில் ‘மென்பொருள் தகவல்’) என்ற இடத்தைத் தொட்டால் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதி தெரியும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் அந்தத் தொலைபேசியில் வங்கி வேலை பார்க்காமல் இருப்பது நல்லது.

நான் பாவித்த தொலைபேசிகளையும் சிறிய அளவில் விற்கிறேன். கடந்த மாதம் முதல் என் பற்றுச்சீட்டில் விலைக்குக் கீழே அந்தத் திகதியைக் கையால் எழுதிக் கொடுத்து வருகிறேன். எழுதத் தொடங்கிய பின்னர் திகதியைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வாங்காமல் திரும்பிப் போனார்கள். அந்த இரண்டு தொலைபேசிகளும் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன.

இங்ஙனம்,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.